உப்புத் தின்ற துப்பாக்கி

அத்தியாயம் 5

"தடயத்தை நக்காதீங்க, மிஸ் லுரீன்!" என்று ஷெரிஃப் ஹென்ஸ்லி அலறியபோது மிஸ் லுரீன் நக்கி முடித்திருந்தார்.

"துப்பாக்கியை எங்க நக்கினேன்? தொட்டேன். விரலைத்தான் நக்கினேன். விரல் என்னோடது" என்றவர், நாக்கைச் சப்புக்கொட்டினார். "கரிக்குது."

"வியர்வையா இருக்கும், மேம்" என்றேன் நான்.

"இருக்கும்" என்றார், இருக்காது என்கிற குரலில்.

மல்பெரி டிரா ஊரின் ஒரே தனியார் துப்பறிவாளர் மிஸ் லுரீன் ஹாட்ஜ். மற்ற நாட்களில், ஒரு கூரையை ஆலங்கட்டி மழை உடைத்ததா, வீட்டுக்காரரின் சுத்தியல் உடைத்ததா என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குச் சொல்வது அவர் வேலை. ஏணி பிடிப்பது என் வேலை. என் பெயர் டெல்பர்ட். மாவட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், மூன்று வருடமாக.

ஷெரிஃபின் மேசையில் காகிதத் துண்டு விரித்து இரண்டு ரிவால்வர்களை வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஐந்து தோட்டா, குட்டைக் குழல், அலுமினிய உடம்பு, கறுப்புப் பூச்சு. இரண்டு ஆப்பிள் கனம்தான் இருக்கும். பெண்களின் கைப்பைக்கென்றே செய்தது என்று விளம்பரம் சொல்கிறது. டெக்சாஸில் விளம்பரம் சொன்னால் பெண்கள் கேட்பார்கள். இரண்டும் நான்கு மாதத்துக்கு முன் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை.

ஒன்று இளஞ்சிவப்புக் காலுறைக்குள்ளிருந்து வந்தது. பூச்சில் ஒரு கீறல் இல்லை. மற்றது ஏதோ உள்நாட்டுப் போரில் இரண்டு பக்கத்துக்கும் மாறிமாறிப் போரிட்டது போல இருந்தது. குழல் முனையில் கறுப்பு போய் வெள்ளை உலோகம் பல்லிளித்தது. உருளையின் விளிம்புகள் தேய்ந்து மின்னின. அதிலும் வலது பக்கம் முழுக்கப் பூச்சு பொரிப்பொரியாக உரிந்து, ஊசி முனையளவு குழிகள். இடது பக்கம் கிட்டத்தட்டப் புதுசு. வெயிலில் ஒரே பக்கமாகப் படுத்துத் தூங்கியவன் முதுகு மாதிரி.

இந்தத் தேய்ந்த துப்பாக்கிதான் இன்று விடியற்காலை மைதானத்துப் புல்லில் கிடைத்தது. இரவு முழுக்க விழித்திருந்து கறியைப் புகையில் வேகவைக்கும் புகையடுப்புப் போட்டிக்கு வந்த நாற்பது அடுப்புகளில் ஒன்றை அது ஐந்து முறை சுட்டிருந்தது. சாதாரண அடுப்பு அல்ல. மூன்று வருடம் தொடர்ந்து மாட்டு நெஞ்சுக்கறிக் கோப்பையை வென்ற ராய்ஸ் டட்டிலின் அடுப்பு. எண்ணெய்க் குழாயை வெட்டிச் செய்து, சக்கரம் பூட்டி, வயிற்றில் 'பெர்த்தா' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருப்பார். ஊரில் அதற்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

துப்பாக்கியில் பொறித்த எண்ணை வைத்து, விற்ற கடையில் கேட்டார்கள். வாங்கியவர் வோண்டா ஸ்ட்ரிங்கர்.

அந்த வோண்டா இப்போது சுவரோரப் பெஞ்சில், பள்ளிப் பேருந்துச் சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். என்னையும் ஓட்டிப்போயிருக்கிறார். நான் கடைசி சீட்டில் சூயிங்கம் ஒட்டியதை இன்றும் மறக்கவில்லை.

"ராய்ஸ் வியாழக்கிழமை அடுப்பு வண்டியைக் கொண்டுவந்து பஸ் திரும்புற இடத்துல குறுக்க நிறுத்தினான்," என்றார் ஷெரிஃப். "இந்தம்மா எல்லார் முன்னாடியும் என்ன சொன்னாங்க தெரியுமா? 'அந்த அடுப்பைச் சல்லடையாக்கிடுவேன்'னு."

"சொன்னேன். கோவத்துல சொல்றதுதான்," என்றார் வோண்டா. "இருபத்தியாறு பசங்களை வச்சுக்கிட்டு பின்னாலயே வண்டியை எடுத்தேன். வாய்ல வேற என்ன வரும்?"

"அஞ்சு ஓட்டைங்க!"

"சல்லடைக்கு அஞ்சு பத்தாது, சார்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பழக்கம்தான்.

ஷெரிஃப் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். "சத்தம் கேட்டு அடுத்த நிமிஷமே ஓடினேன். ராய்ஸ் நாற்காலியில கல்லு மாதிரி உக்காந்திருந்தான், 'யாருன்னு பாக்கலை'ன்னான். பெர்த்தாவோட நெருப்புப் பெட்டியில கை வச்சேன். ஜில்லுனு இருந்துச்சு. கொன்னுட்டாங்க."

மிஸ் லுரீன் தலையை நிமிர்த்தினார். "வெறுங்கையையா வச்சே? சுடலையா?"

"செத்துப்போனதுல என்ன சூடு, மிஸ் லுரீன்?"

"சரிதான்" என்று மிஸ் லுரீன் மீண்டும் துப்பாக்கியைக் குனிந்து பார்த்தார். ஹென்ஸ்லிக்கு ஞாயிறு பள்ளியில் பைபிள் சொல்லித்தந்தவர் அவர்தான். அந்தக் காலத்திலிருந்தே பதிலை அவனாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுகிற வழக்கம். அவனும் இன்றுவரை கண்டுபிடித்ததில்லை.

"நாலு மணிக்குப் பள்ளிக்கூட நிர்வாகி வர்றார்," என்றார் ஷெரிஃப். "திங்கக்கிழமை பஸ் யார் ஓட்டறதுன்னு அவருக்குத் தெரியணும். அதுக்குள்ள வேற ஆள் கிடைக்கலேன்னா நான் வழக்கு எழுதித்தான் ஆகணும். துப்பாக்கி வழக்கு இருக்கிறவங்க பஸ்ஸுல ஏறவே முடியாது."

வோண்டா சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "மிஸ் லுரீன், என் துப்பாக்கி காலுறையில இருக்கிறதுங்க. பள்ளிக்கூட வளாகத்துக்குள்ள துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது. வாரம் பூரா அது அலமாரியில தூங்கும். வெளிய வர்றது புதன்கிழமை ராத்திரி டாமினோவுக்கு மட்டுந்தான். அது எப்படி இப்படித் தேயும்?"

"காலுறைத் துப்பாக்கியோட எண்ணைப் பாத்துட்டேன்," என்றார் ஷெரிஃப். "அது இவங்களோட டாமினோ ஆடற ஓப்பல் பேர்ல வாங்கினது. இவங்ககிட்ட எப்படி வந்துச்சுன்னா, 'எனக்கென்ன தெரியும், எண்ணை யாரு படிக்கிறா'ங்கறாங்க."

மிஸ் லுரீனின் முகத்தில் ஆலங்கட்டிக்குப் பதில் சுத்தியலைக் கண்டுபிடித்த களை வந்தது. "டெல்பர்ட், வண்டியை எடு. டாமினோ ஆடப்போறோம்."

மெத்தடிஸ்ட் தேவாலயக் கூடத்தின் டாமினோ மேசைக்கு நான்கு பேர் வேண்டும். புதன்கிழமை இல்லாவிட்டாலும், வோண்டாவின் செய்தி கேட்டு மூன்று பேர் கூடி உட்கார்ந்து, நான்காவது நாற்காலியைத் துக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதகரின் மனைவி ஃபே, முடிதிருத்தும் கடை ஓப்பல், ராய்ஸின் மனைவி மேவிஸ்.

"டெல்பர்ட், உக்காரு" என்றார் ஓப்பல்.

"எனக்கு ஆடத் தெரியாது, மேம்."

"நீ எங்க ஆடப்போறே? சும்மா கட்டையைப் பிடி. நாங்க ஆடிக்கறோம்."

நான் கட்டையைப் பிடித்தேன். மிஸ் லுரீன் விஷயத்தைச் சொன்னார். ஃபே எழுந்து, குளிர்பதனப் பெட்டியின் தலையிலிருந்து மூடிபோட்ட பெரிய பீங்கான் பாத்திரத்தை இறக்கினார். மூடியில் சூரியகாந்திப் பூ.

"தேவனுடைய கூடத்துல மேசைமேல துப்பாக்கி வைக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்," என்றார் ஃபே. "அதனால வந்ததும் வோண்டா, ஓப்பல், மேவிஸ் மூணு பேரும் இதுல போட்டு மூடிடுவாங்க. போறப்போ ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குவாங்க."

"ஆளுக்கு ஒண்ணு. அவங்கவங்களோடதா?"

மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மூணும் ஒண்ணு மாதிரியே இருக்கு, மிஸ் லுரீன்" என்றார் ஓப்பல். "ஒண்ணா துப்பாக்கி வகுப்புல சேர்ந்தோம், ஒண்ணா வாங்கினோம். ஒரே ஒரு தடவைதான் குழப்பம் வந்துச்சு. போதகர் அதுக்குள்ள மக்ரோனி இருக்குன்னு நினைச்சு அடுப்புல வச்சுட்டார்."

"பத்த வச்சாரா?"

"கர்த்தர் காப்பாத்தினார். கேஸ் தீர்ந்துபோச்சு."

ஓப்பல் கைப்பையிலிருந்து தன் ரிவால்வரை எடுத்துக்கொடுத்தார். புத்தம் புதிது மாதிரி இருந்தது, இரண்டு பக்கமும் லேசான கீறல் தவிர. மிஸ் லுரீன் எண்ணைக் கடைக்காரரிடம் தொலைபேசியில் வாசித்தார். அது மேவிஸ் பேரில் வாங்கியது.

என் மூளையில் கட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. ஓப்பலுடையது வோண்டாவிடம். மேவிஸுடையது ஓப்பலிடம். மிச்சமிருப்பது வோண்டா வாங்கியது. அது போயிருக்க வேண்டிய இடம் ஒன்றுதான்.

"மிஸ் மேவிஸ், உங்ககிட்ட இருக்கிறதைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றேன், குரலைத் தாழ்த்தி, ஒரு புருவத்தை உயர்த்தி. கண்ணாடி முன் பழகியது.

மேவிஸ் சிவந்தார். "ஈஸ்டருக்கப்புறம் நான் அதைக் கொண்டுவர்றதே இல்லை. ராய்ஸ் டிரக்குல பூட்டி வச்சிருக்கான். அவன் பக்கத்துல நான் அதை வெளிய எடுத்தா அவனுக்கு அவமானமாம். 'கோழிக்குஞ்சுத் துப்பாக்கி'ம்பான். அவன் இடுப்புல தொங்குறது பாத்திருப்பீங்களே, கன்னுக்குட்டி சைஸுல."

"பெர்த்தா மேல உங்களுக்கு என்ன அபிப்பிராயம்?" என்றேன், புருவத்தை இறக்காமல்.

"எங்க இருபதாவது கல்யாண நாளன்னிக்கு, ராத்திரி பூரா அது பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்தான். கேட்டா, 'அவளைத் தனியா விட்டா சூடு இறங்கிடும்'கறான். எனக்குச் சூடு இறங்கினா பரவாயில்லையா?"

ஓப்பலும் ஃபேவும் "ஆமென்" என்றார்கள்.

வெளியே வந்ததும் மிஸ் லுரீனிடம் கிசுகிசுத்தேன். "முடிஞ்சது, மேம். துப்பாக்கி அவங்களோடது, காரணம் அவங்களோடது. மேவிஸ்தான்."

"அவளைக் கூட்டிட்டு வா. ஹென்ஸ்லியையும் மைதானத்துக்கு வரச்சொல்லு" என்றார் மிஸ் லுரீன். பிறகு வண்டிக்குள் ஏறியபடி, "கைப்பையில கிடந்தா இரண்டு பக்கமும்தானே கீறும், டெல்பர்ட்?" என்றார்.

நான் மேவிஸைப் பின் சீட்டில் ஏற்றினேன். வண்டியை ஓட்டினேன்.

மைதானத்தில் ராய்ஸ் டட்டிலின் கூடாரம் இழவு வீடு போல இருந்தது. போட்டியாளர்கள் ஒவ்வொருவராக வந்து, தொப்பியைக் கழற்றி, பெர்த்தாவைத் தடவிக்கொடுத்து, தங்கள் அடுப்புக் கறியில் ஒரு துண்டை வைத்துவிட்டுப் போனார்கள். நடுவர்கள் ராய்ஸுக்கு ஆறுதல் கோப்பை ஒன்று தருவதாக அறிவித்திருந்தார்கள். ராய்ஸ் ஆறடி உயரம், அதில் பாதி மீசை. இடுப்பின் வலது பக்கத்தில் மூடிபோட்ட தோலுறை, முழங்கால்வரை தொங்கியது. இடது கையில் கத்தியைப் பிடித்து, வந்தவர்களுக்கெல்லாம் அந்தத் துண்டுகளையே நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நடுநடுவே கால்சட்டையின் இடது பையிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுப்பார், ஒரு சிட்டிகை தூவுவார், சுற்றும் பார்த்துவிட்டுப் பைக்குள் திணிப்பார். அதுதான் ஊரறிந்த அந்த ரகசியப் பொடி. அதை அவர் வீட்டில் வைப்பதில்லை, வண்டியில் வைப்பதில்லை, குளிக்கும்போது எங்கே வைப்பார் என்று யாரும் கேட்டதில்லை.

"மிஸ் லுரீன்! வோண்டா ஒத்துக்கிட்டாளா?" என்றார் ராய்ஸ்.

"உன் கறியைக் காட்டு, ராய்ஸ். பெர்த்தாவுக்குள்ள இருந்தது."

ராய்ஸ் தயங்கி, தகர மூடியைத் திறந்தார். நெஞ்சுக்கறி வெளுத்துப்போய், அழுத்தினால் டயர் மாதிரி எழும்பியது. பாதி வேகவில்லை.

"ஓட்டை எல்லாம் எங்க?"

எல்லாரும் பார்த்தோம். ஐந்து ஓட்டைகளும் புகைபோக்கியில், ஒரு கைக்குட்டை அகலத்துக்குள். பெர்த்தாவின் வயிற்றில் ஒன்றுகூட இல்லை. சிவப்பு எழுத்துப் பெயர் மேல் ஒரு கீறல் இல்லை. வெப்பமானியின் கண்ணாடிகூட முழுசாக இருந்தது.

"மேவிஸ், நீ சுட்டிருந்தா எங்க சுட்டிருப்பே?" என்றார் மிஸ் லுரீன்.

"பேர் மேலதான்" என்றார் மேவிஸ், யோசிக்காமல். "முதல் எழுத்துலேர்ந்து ஆரம்பிச்சு."

நான் எழுப்பிய வழக்கு அங்கேயே சரிந்தது. மூன்று வருடமாக இரண்டாம் ஆண்டில் இருப்பவனுக்கு இது புதிதல்ல.

"ஹென்ஸ்லி," என்றார் மிஸ் லுரீன், "அடுப்புல ஓட்டை விழுந்தா நெருப்பு என்ன ஆகும்?"

ஷெரிஃப் ஓர் ஓட்டைக்குள் விரல் விட்டு யோசித்தார். "காத்து போகும்... அப்போ... நல்லா எரியும்?"

"எரியும். கறி கருகியிருக்கணும். நீ ஓடிப்போய்க் கை வச்சப்போ உன் கைதான் வெந்திருக்கணும். இரும்புப் பெட்டி ஒரு நிமிஷத்துல ஜில்லுனு ஆகாது. சுடறதுக்கு ரொம்ப முன்னாடியே பெர்த்தா அணைஞ்சுபோச்சு. பாத்துக்கிட்டிருந்தவன் தூங்கிட்டான்."

கூட்டத்தில் 'ம்ம்ம்' என்ற சத்தம் எழுந்தது. இந்த ஊரில் ஒருவன் மனைவியை மறக்கலாம். அடுப்பு பக்கத்தில் தூங்குவது வேறு.

ராய்ஸின் மீசை துடித்தது. "நான் எதுக்குச் சுடறேன்? எனக்குச் சுடணும்னா அந்தக் கோழிக்குஞ்சுத் துப்பாக்கி எதுக்கு? இதோ தொங்குதே!" என்று தோலுறையைத் தட்டினார்.

"அதை எடு பாப்போம்" என்றார் மிஸ் லுரீன் சாதாரணமாக. "கத்தி பிடிக்கிறது இடது கை, கறி எடுத்துக் குடுக்கறது இடது கை, உறை மட்டும் வலது பக்கம். நாலு வருஷமா யோசிக்கிறேன், இவன் இதை எப்படி எடுப்பான்னு."

ராய்ஸ் எடுக்கவில்லை. மேவிஸ் எட்டி உறையின் மூடியைத் திறந்து இழுத்தார். சாறு தடவுகிற பஞ்சுத் தூரிகை வெளியே வந்தது. பிடி மட்டும் மரம், நல்ல வேலைப்பாடு.

முதலில் யாரோ இருமினார்கள். பிறகு நாற்பது அடுப்புக்காரர்களும் சேர்ந்து இருமினார்கள்.

"இடுப்பு வலிக்குது!" என்று வெடித்தார் ராய்ஸ். "அந்தப் பெரிய துப்பாக்கி கனம் தாங்கலை. தீவனக் கடையில குனிஞ்சேன், கால்சட்டை துப்பாக்கியோட கீழ போயிடுச்சு. அன்னிக்கே வித்துட்டேன். தூரிகை வச்சிருக்கிறது ஒரு குத்தமா?"

"இல்ல" என்றார் மிஸ் லுரீன். "கனமில்லாதது ஒண்ணு டிரக்குல கிடந்துச்சு. எடுத்து இடது பையில போட்டுக்கிட்டே. இடது பையில போட்டா, துப்பாக்கியோட வலது பக்கம்தான் தொடையில ஒட்டும். அந்தப் பக்கம்தான் அரிச்சிருக்கு. நாலு மாசத் துப்பாக்கி நாப்பது வருஷத்துத் துப்பாக்கி மாதிரி."

"வியர்வை எவனுக்கும் வரும்!"

"எனக்கும் இவன் அதைத்தான் சொன்னான்" என்று என்னைக் காட்டினார். "டெல்பர்ட், வியர்வையில மிளகு இருக்குமா?"

"இருக்காது, மேம்" என்றேன். இது எனக்குத் தெரிந்த கேள்வி.

"தொடைக்கும் துப்பாக்கிக்கும் நடுவுல ஒரு பொட்டலம் இருந்திருக்கு. கொஞ்சம் ஒழுகற பொட்டலம். நாக்குல வச்சதும் தெரிஞ்சுபோச்சு." மிஸ் லுரீன் குரலை உயர்த்தவில்லை. ஆனால் நாற்பது அடுப்புக்காரர்களும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். சிலர் பேனா தேடினார்கள். "முதல்ல உப்பு. அப்புறம் கருமிளகு. எல்லாரும் போடறதுதான். மூணாவதா ஒண்ணு இருந்துச்சு. கொஞ்சம் கசப்பு. அது என்னன்னா..."

"போதும்!" என்று ராய்ஸ் கத்தினார். கத்தி கீழே விழுந்தது. "நான்தான் சுட்டேன்! நான்தான்! சொல்லாதீங்க!"

பெருமூச்சு ஒன்று மைதானம் முழுக்கப் போய் வந்தது. பேனாக்கள் உள்ளே போயின.

ராய்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். உயரம் பாதியானது, மீசைதான் மிச்சம். "கண்ணை மூடித் திறந்தேன், விடிஞ்சிருந்துச்சு. அவ ஜில்லுனு இருந்தா. மூணு வருஷக் கோப்பை. தூங்கித் தோத்தான்னு பேர் வரும். எவனோ சுட்டான்னா, மரியாதையாத் தோத்த மாதிரி இருக்குமே. சுட்டேன். புல்லுல போட்டேன், அப்புறம் எடுத்துக்கலாம்னு. இவர் ஓடி வந்துட்டார்."

"எண் என் பேர்ல வந்திருந்தா?" என்றார் மேவிஸ்.

"உன் பேர்ல வரும்னுதான் பயந்துக்கிட்டிருந்தேன். வந்துச்சுன்னா ஒத்துக்கலாம்னு இருந்தேன். வோண்டா பேர்ல வந்துச்சு. எனக்கே புரியலை. வாயை மூடிக்கிட்டேன்."

"நம்ம பொண்ணைப் பன்னெண்டு வருஷம் பஸ்ஸுல கூட்டிட்டுப் போனவ அவ. பனிப்புயல்ல வண்டி நின்னப்போ வீடு வரைக்கும் கையைப் பிடிச்சு நடந்து கூட்டிட்டு வந்தா" என்றார் மேவிஸ். கத்தவில்லை. அதனால் ராய்ஸால் நிமிர முடியவில்லை. "கோழிக்குஞ்சுத் துப்பாக்கி வேணும்னா கேட்டிருக்கலாமே. குடுத்திருப்பேன். ஒரு காலுறையும் சேத்துக் குடுத்திருப்பேன்."

ராய்ஸ் எழுந்து, கேட்காமலேயே ஷெரிஃபின் வண்டியில் ஏறிக்கொண்டார். துணிப்பொட்டலத்தை மட்டும் மேவிஸிடம் கொடுத்தார். இருபது வருடத்தில் முதல் தடவை என்று பிறகு மேவிஸ் சொன்னார்.

திரும்பும் வழியில் நான் கேட்டேன். "மேம், அந்த மூணாவது என்ன?"

"எது?"

"கசப்பா இருந்துச்சுன்னீங்களே."

"துப்பாக்கி எண்ணெய்" என்றார் மிஸ் லுரீன். "மூணாவது என்னன்னு எனக்கெப்படிடா தெரியும்? அவனுக்குத் தெரிஞ்சிருந்தது. அது போதும்."

நாங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது பள்ளி நிர்வாகி ஏற்கெனவே வந்து, வோண்டாவின் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார், சாவிக்காக. வோண்டா கொடுக்கவில்லை. ஷெரிஃப், ராய்ஸை உள்ளே கூட்டிவந்து, சுருக்கமாகச் சொன்னார். நிர்வாகி நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், வோண்டாவோடு கைகுலுக்கிவிட்டுப் போனார்.

ராய்ஸ் தொப்பியைக் கையில் சுருட்டியபடி நின்றார். "வோண்டா, உன்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலை."

வோண்டா எழுந்தார். சாவி பதிந்த தடம் உள்ளங்கையில் சிவந்திருந்தது. ராய்ஸை நெருங்கி, அவர் மீசைக்கு நேராக விரலை நீட்டினார்.

"திங்கக்கிழமை காலையில அந்த அடுப்பு வண்டி என் வழியில நின்னுச்சுன்னு வை..."

ஷெரிஃப் மேசையிலிருந்து மெல்ல நிமிர்ந்தார். வோண்டா அவரை ஒரு முறை பார்த்தார்.

"...ஹாரன் அடிப்பேன்."